நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம்: 'கட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிச்சய மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கல்லின் நிறத்தையும் தெளிவையும் பற்றி நிறையப் படித்துவிட்டு வருகிறார்கள். கட் பற்றிக் கேட்டால் "ரவுண்டுதான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு. ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லாமல் இருக்கவே எண் போட்டிருக்கிறோம்.

1. கட்டுன்னா ரவுண்டு, ஓவல், பிரின்சஸ்னு சொல்றோமே, அதுதானே?

பாதி சரி. கடையில் இந்த ஒரே சொல்லை இரண்டு பொருளில் புழங்குகிறார்கள். ஒன்று வடிவம்: மேலிருந்து பார்த்தால் வட்டமா, நீள்வட்டமா, சதுரமா என்பது. இன்னொன்று பட்டை தீட்டிய தரம்: பட்டைகளின் கோணமும் அளவும் ஒன்றோடொன்று எவ்வளவு பொருந்தியிருக்கின்றன என்பது. "பிரின்சஸ் கட்" என்பது முதலாவது. "எக்ஸலன்ட் கட்" என்பது இரண்டாவது.

வடிவம் உங்கள் விருப்பம், அதில் சரி தவறு கிடையாது. தரம் தீட்டியவரின் கைவேலை. கல் மின்னுவதும் மங்குவதும் அங்கேதான் முடிவாகிறது. இந்தப் பக்கத்தில் 'கட் தரம்' என்றால் இரண்டாவதையும், 'வடிவம்' என்றால் முதலாவதையும் குறிக்கும்.

2. கடையில "இஎஃப் விவிஎஸ்"னு மட்டும்தான் சொல்றாங்க. கட்டைப் பத்திப் பேச்சே வரலையே?

நிறமும் தெளிவும் இரண்டு எழுத்தில் சொல்லிவிடக்கூடியவை, அதனால் விற்க எளிது. நிற வரிசை டி முதல் இசட் வரை போகிறது. இ, எஃப் இரண்டும் அதன் மேல்படிகள். விவிஎஸ் என்றால் பத்து மடங்கு பெருக்கும் லென்ஸில் பழகிய கண்ணுக்கே சிரமப்பட்டுத் தெரியும் புள்ளிகள் உள்ள கல். விஎஸ் அதற்கு அடுத்த படி; எதிலும் 1 என்பது 2-ஐவிட மேல். மோதிரத்தில் பதித்தபின் ஓரடி தூரத்தில் வைத்துப் பார்த்தால், இஎஃப் விவிஎஸ் கல்லையும் ஜி விஎஸ்1 கல்லையும் பெரும்பாலானோரால் பிரித்துச் சொல்ல முடியாது. மோசமான கட்டை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். காரணம் சொல்லத் தெரியாது, "என்னமோ டல்லா இருக்கு" என்பார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு மரபும் இருக்கிறது. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று நம் பழைய நூல்கள் எண்ணும் வைரக் குற்றங்கள் எல்லாமே கல்லுக்குள் இருக்கும் கறைகளும் கோடுகளும்தான். வீட்டுப் பெரியவர்கள் "தோஷம் இல்லாத கல்லா?" என்று கேட்பது அந்த வழியில் வந்தது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் தோஷமே இல்லாத கல்லைக்கூடக் கோணம் தவறித் தீட்டினால் கண்ணாடித் துண்டு போலக் கிடக்கும்.

எங்கள் கருத்து இதுதான்: கையில் இருக்கும் தொகைக்குள் கட் தரத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குறைக்க வேண்டி வந்தால் நிறத்தை ஜி, எச் வரையும் தெளிவை விஎஸ்2 வரையும் இறக்குங்கள். விதிவிலக்கு 9-ஆம் பதிலில்.

3. கோணத்துக்கும் மின்னுறதுக்கும் என்ன சம்பந்தம்?

கல்லின் தட்டையான மேல்முகம் டேபிள். அதைச் சுற்றிய சரிவு கிரவுன். நடுவில் இடுப்புப் பட்டை போல ஓடுவது கெர்டில். கீழே கூம்பாக இறங்குவது பெவிலியன். முழு ரவுண்டு பிரில்லியன்டில் மேலே 33 பட்டைகள், கீழே 24, ஆக 57. அடி முனையையும் தட்டையாகத் தீட்டியிருந்தால் 58.

வைரம் ஒளியை மிக அதிகமாக வளைக்கும், ஒளிவிலகல் எண் 2.42. அதனால் உள்ளே போன ஒளி பெவிலியன் பட்டையில் 24.4 டிகிரிக்கு மேற்பட்ட கோணத்தில் பட்டால் வெளியே தப்ப முடியாது, திரும்பித்தான் ஆகவேண்டும். நல்ல கட்டில் ஒரு பக்கம் பட்டு, எதிர்ப்பக்கம் பட்டு, மேலே வந்து கண்ணில் விழும். பெவிலியன் மிக ஆழமாக இருந்தால் இரண்டாவது பட்டையில் அந்த ஒளி கீழ்வழியாக ஒழுகிவிடும், கல்லின் நடு இருண்டு ஆணித்தலை போலத் தெரியும். மிகத் தட்டையாக இருந்தால் கெர்டிலின் நிழல் டேபிளுக்குள் சாம்பல் வளையமாகத் தெரியும். இதை மீன்கண் என்பார்கள். பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும்.

4. சர்டிஃபிகேட்ல நிறைய நம்பர் இருக்கு. எதைப் பார்க்கணும்?

ரவுண்டு என்றால் ஐந்து எண்கள் போதும். டேபிள், கல்லின் விட்டத்தில் 54 முதல் 58 சதவீதம். மொத்த ஆழம், அதே விட்டத்தில் 60 முதல் 62.5 சதவீதம். கிரவுன் கோணம் 34 முதல் 35 டிகிரி. பெவிலியன் கோணம் 40.6 முதல் 41 டிகிரி. கெர்டில் 'தின்' முதல் 'ஸ்லைட்லி திக்' வரை. இவற்றுக்குள் விழும் கல் கெட்டுப்போக வாய்ப்பு குறைவு.

இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஆன்ட்வெர்ப் வைரக் குடும்பத்தில் வந்த பொறியாளர் மார்செல் டோல்கோவ்ஸ்கி 1919-இல் கணக்குப் போட்டுச் சொன்னது டேபிள் 53 சதவீதம், கிரவுன் 34.5, பெவிலியன் 40.75. இன்றைய தீட்டலில் டேபிள் கொஞ்சம் அகன்றிருக்கிறது, கோணங்கள் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கின்றன.

ஒரு சூட்சுமம்: கிரவுனையும் பெவிலியனையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒன்று ஏறினால் மற்றது இறங்கவேண்டும். கிரவுன் 35 என்றால் பெவிலியன் 40.6 நல்லது. கிரவுன் 34 என்றால் 41 தாங்கும். இரண்டும் சேர்ந்து ஏறிய கல், உதாரணமாக 35.5-உம் 41.4-உம், ஒளியை ஒழுகவிடும்.

5. "எக்ஸலன்ட்"னே போட்டிருக்கே, அப்புறமும் எதுக்கு நம்பர்?

எக்ஸலன்ட் என்பது ஒரு புள்ளி அல்ல, அகலமான ஒரு பட்டி. அதன் நடுவில் நிற்கும் கல்லும் உண்டு, ஓரத்தில் தொங்கும் கல்லும் உண்டு. எடையைக் காப்பாற்ற நினைக்கும் தீட்டுபவர் ஓரம்வரை போய் நிறுத்துவார். 4-ஆம் பதிலின் எண்களை வைத்துப் பார்த்தால் ஓரக் கற்கள் தானே கழிந்துவிடும்.

கடைக்காரர் "த்ரீ எக்ஸ்" என்றால் கட், பாலிஷ் (பட்டைகளின் வழவழப்பு), சிமெட்ரி (சமச்சீர்) மூன்றும் எக்ஸலன்ட் என்று பொருள். பாலிஷும் சிமெட்ரியும் 'வெரி குட்' ஆக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, அதற்காக நல்ல கல்லை விடவேண்டாம். கட் மட்டும் வெரி குட்டாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். சான்றிதழ் தரும் ஆய்வகமான ஜிஐஏ ரவுண்டு கற்களுக்குக் கட் தரம் கொடுக்கத் தொடங்கியதே 2006-இல்தான். அதற்கு முந்தைய சான்றிதழில் அந்த வரி இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டாம். இன்னொரு ஆய்வகமான ஐஜிஐயின் சான்றிதழில் எக்ஸலன்டுக்கும் மேலே 'ஐடியல்' என்று ஒரு படி உண்டு.

6. ரெண்டும் அரை கேரட்தான். ஒண்ணு பெருசா, ஒண்ணு சின்னதா தெரியுதே, எடை தப்பா?

எடை சரியாகத்தான் இருக்கும், அது எங்கே ஒளிந்திருக்கிறது என்பதுதான் வித்தியாசம். ஒரு கேரட் 0.2 கிராம், அதாவது 100 சென்ட். நன்றாகத் தீட்டிய 50 சென்ட் ரவுண்டு சுமார் 5.1 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். அதே 50 சென்ட்டை 66 சதவீத ஆழத்திலும் தடித்த கெர்டிலிலும் தீட்டினால் 4.9 மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும். அது ஒரு நல்ல 44 சென்ட் கல்லின் முகம். மீதி 6 சென்ட்டுக்குக் கொடுத்த பணம் மோதிரத்தின் அடிப்பக்கம் போய்விட்டது.

ஏன் அப்படித் தீட்டுகிறார்கள்? 30, 50, 70, 90 சென்ட், ஒரு கேரட் ஆகிய எல்லைகளைத் தொட்டால் கேரட் விலையே ஒரு படி ஏறும். 47 சென்ட்டில் அழகாக முடியவேண்டிய கல்லை 50-க்கு இழுத்தால் லாபம். இதைத் திருப்பி உங்களுக்குச் சாதகமாக்கலாம்: 47 சென்ட், 92 சென்ட் போன்ற கற்களைக் கேளுங்கள். 47-க்கும் 50-க்கும் விட்டத்தில் 0.1 மில்லிமீட்டர்தான் வேறுபாடு.

நினைவில் வைக்க: 30 சென்ட் 4.3, 40 சென்ட் 4.7, 70 சென்ட் 5.7, ஒரு கேரட் 6.4 முதல் 6.5 மில்லிமீட்டர். சான்றிதழில் தொடக்கத்திலேயே இந்த அளவு இருக்கும்.

7. இருக்கிற காசுக்கு விரல்ல பெருசா தெரியற ஷேப் எது?

இரு பக்கமும் நுனி கூரான மார்கீஸ், ஓவல், பேர் எனப்படும் துளி வடிவம், இந்த மூன்றும். ஒரு கேரட் மார்கீஸ் ஏறக்குறைய 10-க்கு 5 மில்லிமீட்டர், ஓவல் 7.7-க்கு 5.7 அளவில் இருக்கும். நீளம் இருப்பதால் கண் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறது, விரலும் ஒல்லியாகத் தெரியும். அதே எடையில் பிரின்சஸ் பக்கத்துக்கு 5.5 மில்லிமீட்டர்தான், எடை கீழே இறங்கிவிடும். விலையிலும் பொதுவாக ரவுண்டுதான் உச்சம். கரட்டுக் கல்லிலிருந்து (இன்னும் தீட்டாத கல்) ரவுண்டு எடுக்கும்போது பாதிக்கு மேல் தூளாகப் போவதும், கேட்பவர்கள் அதிகம் இருப்பதும் காரணங்கள்.

நீளத்தை அகலத்தால் வகுத்து வரும் எண்ணைப் பாருங்கள். ஓவலுக்கு 1.35 முதல் 1.50, பேருக்கு 1.45 முதல் 1.75, மார்கீஸுக்கு 1.75 முதல் 2.15, செவ்வகமான எமரால்டு கட்டுக்கு 1.30 முதல் 1.50. இவை பலர் விரும்பும் அளவுகளே தவிரச் சட்டம் அல்ல. சதுரம் வேண்டும் என்று பிரின்சஸ் வாங்கினால் மட்டும் 1.05-ஐத் தாண்டவேண்டாம், சதுரம் சப்பையாகத் தெரியும்.

8. ஓவல் கல்லு நடுவுல வண்ணத்துப்பூச்சி மாதிரி கறுப்பா நிழல் விழுதே, அது தோஷமா?

தோஷம் அல்ல, கட். அந்த நிழலுக்கு 'போ டை' என்று பெயர். நீளமான கல்லில் நடுப்பகுதிப் பட்டைகள் பார்ப்பவரின் தலையையே பிரதிபலிப்பதால் ஒளி வராமல் இருட்டாகிறது. ஓவல், பேர், மார்கீஸ் மூன்றிலும் கொஞ்சமாவது இருக்கும். மோதிரத்தை ஆட்டும்போது நிழல் விட்டுவிட்டு வெளுத்தால் பரவாயில்லை, கல்லுக்கு உயிர்கூடத் தரும். எப்படித் திருப்பினாலும் கறுப்பாகவே நின்றால் அந்தக் கல் வேண்டாம். இது சான்றிதழில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, கண்ணால்தான் பார்க்கவேண்டும்.

9. எமரால்டு கட், ஆஷர் கட் ஏன் மத்த கல்லு மாதிரி பளபளன்னு இல்ல?

அவற்றின் வேலையே வேறு. ரவுண்டில் பட்டைகள் முக்கோணமும் பட்டமுமாக ஒளியைச் சில்லுச்சில்லாக உடைக்கும். எமரால்டிலும் ஆஷரிலும் படிக்கட்டு போல நீளப் பட்டைகள். ஒளி பெரிய பலகைகளாக வரும், போகும். குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் அசைவதைப் பார்ப்பது போன்ற அமைதி. ஆம்ஸ்டர்டாமின் ஜோசப் ஆஷர் 1902-இல் உருவாக்கிய சதுரப் படிக்கட்டுதான் ஆஷர்.

படிக்கட்டுப் பட்டைகள் திறந்த ஜன்னல் மாதிரி. உள்ளே இருக்கும் புள்ளியும் லேசான மஞ்சளும் அப்படியே தெரியும். அதனால் 2-ஆம் பதிலில் சொன்ன விஎஸ்2 இங்கே போதாது. விஎஸ்1-க்குக் கீழே இறங்கவேண்டாம், நிறமும் ஜி-க்கு மேலே இருக்கட்டும். 'தெளிவுக்குக் காசு கொடு' என்பது பொருந்தும் ஒரே இடம் இது.

10. பிரின்சஸ் கட் முனை உடைஞ்சிடும்னு பயமுறுத்துறாங்களே? வைரம்தான் உலகத்துலயே கெட்டியாச்சே?

கீறலைத் தாங்கும் கெட்டித்தன்மை வேறு, அடியைத் தாங்கும் கெட்டித்தன்மை வேறு. வைரத்தை வைரம்தான் கீறும். ஆனால் அதற்கு நான்கு திசைகளில் பிளவுத் தளங்கள் உண்டு, அந்தத் திசையில் அடிபட்டால் விறகு போல் பிளக்கும். கூர்முனை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆபத்து: பிரின்சஸின் நான்கு மூலை, பேரின் ஒரு நுனி, மார்கீஸின் இரு நுனி. கல்பதிப்பவர் கல்லைப் பிடிக்கும் கவ்வை இறுக்கும் நேரத்திலேயே முனை போவதும் உண்டு.

பயந்து விடவேண்டியதில்லை. முனைகளை 'வி' வடிவக் கவ்வால் மூடச் சொல்லுங்கள். கெர்டில் 'எக்ஸ்ட்ரீம்லி தின்' என்று இருந்தால் அந்தக் கல்லைத் தவிருங்கள். சதுரமும் வேண்டும், வேலைக்கும் போடவேண்டும் என்றால் மூலை வெட்டிய ரேடியன்ட் பாருங்கள். 1977-இல் ஹென்றி கிராஸ்பார்ட் உருவாக்கிய வடிவம் அது.

11. குஷன்ல ஒரு கல்லு ரவுண்டு மாதிரி இருக்கு, இன்னொண்ணு நொறுங்கின ஐஸ் மாதிரி இருக்கு. ரெண்டும் குஷனா?

மூலை மழுங்கிய சதுரமோ செவ்வகமோதான் குஷன், எனவே இரண்டும் குஷன்தான். பெவிலியனில் பெரிய பட்டைகள் வைத்தால் கறுப்பும் வெள்ளையும் தெளிவாக மாறி மாறித் தெரியும். கூடுதல் வரிசைப் பட்டைகள் சேர்த்தால் பொடிப்பொடியாக மினுங்கும். இரண்டாவது ரகம் நிறத்தை அதிகம் காட்டும், எனவே நிறத்தில் ஒரு படி மேலே போகவும்.

12. ஓவல், குஷனுக்கெல்லாம் சர்டிஃபிகேட்ல கட் கிரேடே காணோமே? ஏமாத்துறாங்களா?

இல்லை. ரவுண்டுக்கு ஒத்துக்கொண்ட ஒரு கணக்கு இருக்கிறது. மற்ற வடிவங்களில் ஒரே எண்ணுக்குப் பல பட்டை அமைப்புகள் வருவதால் ஜிஐஏ சான்றிதழ்களில் பாலிஷ், சிமெட்ரி மட்டுமே பார்த்துப் பழகியிருப்போம். எனவே இங்கே எண்ணை நம்பி வாங்கக் கூடாது. டேபிள், ஆழம் இரண்டும் 70 சதவீதத்தைத் தாண்டவில்லையா என்று மட்டும் பார்த்துவிட்டு, மீதியை அடுத்த பதிலில் உள்ளபடி கண்ணால் முடிவு செய்யுங்கள். பிரின்சஸ், எமரால்டு வகைகள் ஆழமாகத்தான் இருக்கும், அதற்காக ஒதுக்கவேண்டாம்.

13. கடைக்குள்ள எல்லாக் கல்லும்தான் மின்னுது. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கூரையில் வரிசையாக இருக்கும் ஸ்பாட் விளக்குகள் கண்ணாடிக் கல்லையும் மின்ன வைக்கும். முதல் வேலை அதிலிருந்து நகர்வது. கல்லைத் துடைக்கச் சொல்லுங்கள், விரல் பட்ட எண்ணெயே பாதி ஒளியைக் குடிக்கும். பிறகு நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் போங்கள். முகத்துக்கு மிக அருகில் வைத்தால் உங்கள் தலை நிழலே விழும், ஓரடி தள்ளிப் பிடியுங்கள். இடம் வலமாக மெல்ல ஆட்டுங்கள். நல்ல கல்லில் வெளிச்சமும் இருளும் கல் முழுக்க இடம் மாறிக்கொண்டே இருக்கும். மோசமான கல்லில் ஏதோ ஒரு பகுதி செத்தே கிடக்கும்.

அடுத்து மேசைக்கு அடியில், நிழலில் பாருங்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் மோதிரம் வாழப்போவது இப்படிப்பட்ட வெளிச்சத்தில்தான். பதிக்காத கல்லாக இருந்தால் விரல்களுக்கு நடுவே மேல்முகமாக வையுங்கள். நடுவில் உங்கள் தோல் நிறம் தெரிந்தால் ஒளி கீழே ஒழுகுகிறது என்று அர்த்தம். கடைசியாக, தனியாக ஒரு கல்லைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 4-ஆம் பதிலின் எண்களுக்குள் வரும் ஒரு ரவுண்டைப் பக்கத்தில் வைக்கச் சொன்னால் கண் தானாகவே அளந்துவிடும்.

கல்லைப் பேப்பரில் கவிழ்த்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பது, வாயால் ஊதிப் பார்ப்பது எல்லாம் கட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

14. ஹார்ட்ஸ் அண்ட் ஆரோஸ்னு தனியா விலை சொல்றாங்க. குடுக்கலாமா?

பட்டைகள் மிகத் துல்லியமாக எதிரெதிரே அமைந்தால், அதற்கான குழல் கண்ணாடியில் மேலிருந்து எட்டு அம்புகளும் கீழிருந்து எட்டு இதயங்களும் தெரியும். இது சமச்சீரின் சாட்சி. ஆனால் கோணம் தவறிய கல்லிலும் அம்புகள் தெரியலாம். அம்பு தெரிவது எளிது, எட்டு இதயமும் பிசிறில்லாமல் வருவதுதான் கடினம். இரண்டையும் காட்டி, எண்களும் சரியாக இருந்தால் சிறிது கூடுதலாகக் கொடுக்கலாம். 30 சென்ட்டுக்குக் கீழே அந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாது, கொடுக்காதீர்கள்.

15. "இது பெல்ஜியம் கட்", "இது ப்ளூ ஜாகர்"ங்கறாங்களே, அது பெஸ்டா?

எந்த ஆய்வகச் சான்றிதழிலும் 'பெல்ஜியம் கட்' என்ற தரம் கிடையாது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பெரிய வைரச் சந்தை என்பதால் வந்த பேச்சு அது. இன்று நம் கடைகளுக்கு வரும் கற்களில் பெரும்பாலானவை சூரத்தில் தீட்டப்பட்டவை. அங்கே உலகத் தரமும் உண்டு, அவசர வேலையும் உண்டு. ஊர்ப்பெயரை விட்டு எண்ணைக் கேளுங்கள்.

ப்ளூ ஜாகர் என்பது கட்டே அல்ல, நிறச் சாயல். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்துக் கற்களின் நீலம் கலந்த வெண்மையை வைத்து வந்த வியாபாரப் பெயர். நீல ஒளிர்வு உள்ள கல்லில் அந்தச் சாயல் தெரியும். சான்றிதழில் அது 'ஃப்ளூரசன்ஸ்' வரியில் இருக்கும். ஐ, ஜே நிறக் கல்லில் 'மீடியம்' ஒளிர்வு லேசான மஞ்சளை மறைத்து உதவும். டி, இ, எஃப் கல்லில் 'ஸ்ட்ராங்' என்றிருந்தால் வெயிலில் கொண்டுபோய்ப் பால் கலந்த மாதிரி மங்குகிறதா என்று பாருங்கள். மங்காவிட்டால் வாங்கலாம், விலையும் குறையும்.

16. ஏழு கல்லு சேர்த்து ஒரே பெரிய கல்லு மாதிரி மோதிரம் இருக்கே, அது லாபம்தானே?

காசுக்குப் பார்வை கிடைக்கும். ஆனால் "அரை கேரட்" என்று அவர்கள் சொல்வது ஏழின் மொத்த எடை, ஒவ்வொன்றும் 7 சென்ட்தான். அந்த அளவில் தனிக்கல்லுக்குச் சான்றிதழ் இருக்காது, கட் தரம் கடைக்காரரின் வாய்ச்சொல். சில பொடிக் கற்கள் 17 பட்டை மட்டுமே உள்ள சிங்கிள் கட்டாகவும் இருக்கும். 'ஃபுல் கட்டா?' என்று கேட்டு லென்ஸில் காட்டச் சொல்லுங்கள். இடுக்குகளில் அழுக்கு சேர்ந்தால் எடுப்பதும் சிரமம்.

17. பாட்டியோட வைரத்தோட்டுக் கல்லை எடுத்து நிச்சய மோதிரம் பண்ணலாமா? புதுசா பட்டை தீட்டலாமா?

தாராளமாகச் செய்யலாம். முதலில் கல்லைக் கழற்றிப் பார்க்கவேண்டும். பழைய தோடுகள் பெரும்பாலும் பின்பக்கம் மூடிய க்ளோஸ்டு செட்டிங், அந்த மூடிக்குள் கல்லின் உண்மையான நிறமும் ஆழமும் தெரியாது. சில பழைய கற்களில் டேபிள் சிறிதாக, கிரவுன் உயரமாக, அடிமுனை தட்டையாக இருக்கும். நடுவில் ஒரு சிறு வட்டம் தெரிந்தால் அதுதான் அந்தத் தட்டை முனை. விளக்கொளியில் பெரிய பெரிய நிறச் சில்லுகளை வீசும் கற்கள் அவை. 4-ஆம் பதிலின் எண்களால் அவற்றை அளப்பது நியாயமில்லை.

மறுபடி தீட்டினால் எடை கணிசமாகக் குறையும், விட்டமும் சுருங்கலாம், பிளவு இருந்தால் சக்கரத்திலேயே உடையவும் கூடும். ஓரம் சில்லுப் பெயர்ந்திருந்தால் அதை மட்டும் சரிசெய்யச் சொல்லுங்கள். "மாடர்னா ஆக்கலாம்" என்பதற்காகத் தீட்டவேண்டாம் என்பதே எங்கள் கட்சி.

18. லேப் வைரத்துக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அப்படியே பொருந்தும். ஆய்வகத்தில் வளர்த்தது என்றாலும் அதுவும் வைரம்தான், ஒளியை வளைப்பதில் வேறுபாடு இல்லை. கரட்டுக் கல் மலிவு என்பதால் எடைக்காகக் கட்டைக் கெடுக்க அங்கே காரணமே இல்லை. எனவே எக்ஸலன்டுக்குக் கீழே தொடவே வேண்டாம். 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ லேப் கற்களுக்கு விரிவான நிற, தெளிவுத் தரங்களை விட்டு 'பிரீமியம்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டே வகை தருகிறது. விவரமான எண்கள் வேண்டுமென்றால் ஐஜிஐ சான்றிதழ் உள்ள கல்லைக் கேளுங்கள்.

19. 40 சென்ட்ல ரெண்டு கல்லு: ஒண்ணு இ, விவிஎஸ்2, கட் குட். இன்னொண்ணு எச், விஎஸ்1, கட் எக்ஸலன்ட். ஒரே விலை. எதை எடுக்க?

இரண்டாவதை, யோசிக்காமல். 'குட்' என்பது ஐந்து படியில் மூன்றாவது படி. வீட்டார் "எச்சா?" என்று முகம் சுளித்தால் மஞ்சள் தங்கத்தில் பதியுங்கள், தங்கத்தின் நிறத்துக்கு முன்னால் எச் வெள்ளையாகவே தெரியும். பிளாட்டினமாக இருந்தால் ஜி வரை ஒரு படி ஏறுவது நிம்மதி.

20. எந்த செட்டிங்ல போட்டா கட்டு வீணாகாது?

பின்பக்கம் திறந்த எந்த செட்டிங்கும் சரி. நான்கு கவ்வு கல்லை அதிகம் காட்டும், ஆறு கவ்வு பத்திரம்: ஒன்று போனாலும் கல் நிற்கும். சுற்றிலும் தங்க விளிம்பு கட்டும் பெசல் தினமும் வேலை செய்யும் கைக்கு ஏற்றது. மாப்பிள்ளை மோதிரத்துக்கும் அதுவே நல்லது. உயரக் கவ்வு வண்டிச் சாவியிலும் ஹெல்மெட் பட்டையிலும் மாட்டும். 22 கேரட் தங்கம் மென்மையானது, கவ்வு நாளடைவில் விரியும். 18 கேரட் கேளுங்கள், ஹால்மார்க்கில் 750 என்றும் அந்த நகைக்கே உரிய ஆறு இலக்க அடையாளமான எச்யுஐடி குறியும் இருக்கவேண்டும். பிளாட்டினத்தில் 950.

21. வாங்கும்போது ஜொலிச்சுது, ஆறு மாசத்துல மங்கிடுச்சு. கல்லை மாத்திட்டாங்களா?

பெரும்பாலும் எண்ணெய்தான். வைரத்துக்கு எண்ணெய்ப் பசை மேல் தனிப் பிரியம். சுரங்கங்களில் கிரீஸ் பூசிய பலகையில் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்து வந்ததே அதனால்தான். தலைக்கு வைக்கும் தேங்காயெண்ணெய், மாவு பிசைவது, சந்தனம், கைக்கிரீம் எல்லாம் கல்லின் அடிப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். 3-ஆம் பதிலில் சொன்ன ஒளித்திருப்பம் அந்த அடிப்பட்டைகளில்தான் நடக்கிறது. அங்கே படலம் படிந்தால் எக்ஸலன்ட் கட்டும் தோற்கும்.

ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீர், நான்கு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் அல்லது பூந்திக்கொட்டைத் தண்ணீர். இருபது நிமிடம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் பின்பக்கத்தைத் தேயுங்கள். குழாயடியில் செய்யாதீர்கள், கிண்ணத்திலேயே அலசுங்கள். விபூதி, பற்பசை இரண்டும் தங்கத்தைக் கீறும். பிளீச்சிங் கவ்வை அரிக்கும். மாதம் இரண்டு முறை போதும்.

22. நாங்க தேர்ந்தெடுத்த கல்லுதான் மோதிரத்துல வந்திருக்குன்னு எப்படி நம்புறது?

பதிப்பதற்கு முன்பே சான்றிதழ் எண்ணை லென்ஸில் பார்த்துவிடுங்கள். சான்றிதழ் பெற்ற பெரும்பாலான கற்களின் கெர்டிலில் லேசரால் பொறித்திருக்கும், பத்து மடங்கு லென்ஸில் படிக்கலாம். கல்பதிப்பவரிடம் அந்த எழுத்தைக் கவ்வு மறைக்காதபடி வைக்கச் சொல்வது நீங்கள் கேட்கவேண்டிய ஒன்று, கேட்காவிட்டால் அவர் யோசிக்கமாட்டார். பெசலில் எழுத்து மறைந்துவிடும் என்பதால் பதிக்கும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் பில்லில் சான்றிதழ் எண், கேரட் எடை, மில்லிமீட்டர் அளவு மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காதருகில் வைத்து ஒருமுறை ஆட்டிப் பாருங்கள். கிணுகிணு என்று ஒலி வந்தால் கல் ஆடுகிறது, அங்கேயே இறுக்கித் தரச் சொல்லுங்கள்.